நாற்பது முடிச்சுக் கயிறும் இருகரை நாட்டின் தோற்றமும்

மழை தவறாதிருக்க. மலையும் கழியும் தத்தம் எல்லையில் நிலைக்க.

மூங்கில் முற்றிய ஏழு மலைகளுக்கு உடையவரும், மேற்றிசைக் கணவாயின் காவலரும், களிற்றுக்கொடி உயர்த்தியவருமான நெடுவரை வேந்தர் மாவண்கோ அவர்களின் திருமுன்புக்கு, கண்டல்துறை அமர்ந்து இருகரை நாடு காக்கும் பன்னிரண்டாம் வேந்தர் சேந்தனார் விடுக்கும் ஓலை. தங்கள் சரிவுகளில் தினை விளைக. தங்கள் கோட்டையில் விளக்கு அணையாதிருக்க. தங்கள் மைந்தர் நெடிது வாழ்க.

வேந்தர் பணித்தபடி இதை எழுதுவது ஓலைநாயகம் நக்கண்ணன். சான்றில் தானும் ஓர் ஆளாக வரும்போது, எழுதுகிறவன் தன்னையும் பிறரைப் போலவே எழுத வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் முறை. சான்று சொன்னவர் வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதுவதும் அம்முறையே. ஏடுகள் ஒன்பது. ஒன்பதிலும் எண் இடப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் ஏட்டின் கடைசி வரியில் முடிவு வாசகம் உண்டு. இதை முதலிலேயே குறிப்பிடுவதன் காரணம் மேலே படிக்கையில் விளங்கும்.

சென்ற கார்த்திகை வளர்பிறை ஏழாம் நாள் முற்பகலில் தங்கள் தூதர் மருதங்கிழார் கண்டல்துறையில் வந்திறங்கினார். உரிய சிறப்புகள் செய்யப்பட்டன. இறங்கும்போது சிறு தடங்கல் ஒன்று நேர்ந்தது. தூதரின் பொருள்கூடைகளைப் படகோடு பிணைத்திருந்த கயிறு அவிழவில்லை. அரண்மனை ஆட்கள் மூவர் இழுத்துப் பார்த்தனர். இழுக்க இழுக்க இறுகியது. ஒருவன் கத்தியை எடுத்தான். பக்கத்துத் தோணியிலிருந்து குமிழி என்னும் தோணிக்காரி அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் நாட்டில் முடிசூட்டுக் கயிறு திரிக்கும் உரிமை அவள் குடும்பத்துடையது.

“கயித்த வெட்டாதீங்க சாமி, அது என்ன பாவம் பண்ணுச்சு? இழுத்தா இறுகும். உள்ளாற தள்ளணும்” என்றாள். தாவி ஏறி, கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். முடிச்சு வாய் திறந்தது. துறையில் நின்றவர்கள், “மூணு ஆம்பளைக்கு ஒரு கட்டவிரல் பதில் சொல்லிருச்சுடோய்” என்று சிரித்தார்கள். இந்த முடிச்சைப் போட்டது யார் என்று அவள் கேட்டாள். மேலே நாற்பதின்மர் துறைப் படகோட்டிகள் என்று தூதரின் ஆள் சொன்னான். அவள் அவிழ்ந்த கயிற்றைச் சுருட்டிக் கூடையின்மேல் வைத்தாள். தன் தோணிக்குத் திரும்பிவிட்டாள்.

வழிப்பயணத்தைப் பற்றி அவையில் உசாவியபோது, ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிய சங்கிலித்துறையில் அரைநாள் வீணாயிற்று என்று தூதர் வருந்தினார். நாற்பதின்மர் துறைப் படகோட்டிகள் அந்தச் சங்கிலிக்குக் கீழே வரக் கூடாது என்பது தங்கள் நாட்டின் பழைய கட்டளை என்றும், ஆகவே அங்கே ஆட்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும், அக்கட்டளையின் காரணம் தமக்குத் தெரியாது என்றும் கூறினார். நக்கண்ணன் இதையும் குறித்துக்கொண்டான். கேட்டதையெல்லாம் குறித்துக்கொள்வது அவன் தொழில்.

பின்னர் தூதர் தங்கள் கட்டளையை வாசித்தார். இருகரை நாட்டின் முதல் அரசன் அவினியன் நெடுவரைக் குலத்தின் இளைய மகன். ஆகவே அவன் வழிவந்தோர் நெடுவரைக்கு அடங்கியவர். சேந்தனார் தை நிறைநிலா நாளுக்குள் தங்கள் கோட்டை வாயிலில் வெறுங்காலோடு வந்து நின்று செங்கோலை ஒப்படைக்க வேண்டும். தங்கள் மரக்கலங்கள் வந்துபோக எங்கள் கழிமுகம் ஆண்டு முழுதும் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் படை இறங்கும். சான்றாக ஒரு பழைய ஏட்டையும் அவர் நீட்டினார்.

கழிமுகம் என்பது என்ன என்பதை மலைநாட்டார்க்கு விளக்குதல் தகும். எங்கள் கழி கடலைச் சேருமிடத்தில் ஆண்டுதோறும் காற்றும் அலையும் ஒரு மணல்மேட்டைக் குவிக்கின்றன. மக்கள் அதைப் பொழி என்பர். வெள்ளக் காலத்தில் பொழியை வெட்டித் திறக்காவிட்டால் வடகரை வயல்கள் மூழ்கும். கோடையில் திறந்தே கிடந்தால் உப்புநீர் ஏறி அதே வயல்கள் பாழாகும். தென்கரை மீனவர்க்கோ திறந்திருப்பதே நலம். ஆகையால், எந்த நாளில் வெட்டுவது என்பதே இந்த நாட்டின் முதற்கேள்வியும் முடிவுக்கேள்வியும் ஆகும். தங்கள் கட்டளைப்படி அது எந்நாளும் திறந்திருந்தால், மூன்றாம் ஆண்டில் வடகரையில் நெல் இராது. ஐந்தாம் ஆண்டில் ஆள் இரார்.

தூதரின் ஏட்டை நக்கண்ணன் இருகையாலும் வாங்கிப் பார்த்தான். ஏடு மெய்யானது. எழுத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையது. நெடுவரை இளைய மகன் அவினியனைக் கழிக்கரை மக்களிடம் பிணையாக நிறுத்தியதை அது சொல்லியது. ஆனால் ஏட்டின் இடப்புறத்தில் ஒன்று என்னும் எண் இருந்தது. கடைசி வரி “மீட்கும் நாள்வரை அவன்” என்று நின்றது. அதற்குமேல் இல்லை, முடிவு வாசகமும் இல்லை. எதற்காகப் பிணை என்பதும் அதில் இல்லை. அடுத்த ஏடு எங்கே என்று அவன் வினவினான். தம்மிடம் தந்தது இவ்வளவே என்று தூதர் விடையளித்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று நக்கண்ணன் கருதினான். இப்போதும் அப்படியே கருதுகிறான்.

எங்கள் அவையில் வேறொரு வரலாறு இருந்தது. அவைப்புலவர் சாத்தங்கண்ணர் அதை அன்றே பாடிக் காட்டினார். அதன்படி, கதிரவன் ஒரு விடியலில் கழிநீரில் தன் முகத்தைக் கண்டு மகிழ, அந்த ஒளியிலிருந்து அவினியன் பிறந்தான். பொழியின்மேல் நிற்கும் செப்புத்தூண் அவன் நட்ட வெற்றித்தூண். முடிசூட்டு நாளில் அரசர் முழங்கால் நீரில் நின்று தம் இடக்கணுக்காலை அத்தூணோடு கயிற்றால் பிணைத்துக்கொள்வது, நிலம் அவருக்குக் கட்டுப்பட்டதன் அடையாளம். கயிற்றின் நாற்பது முடிச்சுகள் அரசர்க்குரிய நாற்பது நற்குணங்கள்.

பாட்டு நன்றாக இருந்தது. வேந்தர் நக்கண்ணனை நோக்கி, உண்மையா என்று ஒரே சொல்லில் கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்குமுன் செல்லரித்த நாட்டு வரலாற்றைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவன் நக்கண்ணனே. கட்டின் நடுவில் ஓர் ஏடு தலைப்பில்லாமல் இருந்தது. அதில் நாற்பது பெயர்கள் மட்டும் இருந்தன. யாரோ படகோட்டிகளின் பெயர்கள், அரச வரலாற்றில் இவற்றுக்கு என்ன வேலை என்று எண்ணி அவன் அதை விட்டுவிட்டான். பெயர்த்தெழுதி முடித்ததும் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். அந்த ஏடும் ஆற்றோடு போயிற்று. முடிச்சும் நாற்பது, பெயரும் நாற்பது என்பது அந்தக் கணத்தில்தான் அவன் நெஞ்சில் தைத்தது. தன் பிழையை அவன் அவையிலேயே சொன்னான். வேந்தர் சினக்கவில்லை. தையில் நிறைநிலா வருமுன் மெய்யைக் கண்டுவருக என்று மட்டும் பணித்தார்.

அவன் முதலில் தூணிடம் சென்றான். வேந்தரின் இசைவோடு செப்புத்தகடு கழற்றப்பட்டது. உள்ளே இருந்தது தூண் அன்று. படகு கட்டும் மருதமரத் தறி. கணுக்கால் உயரத்தில் கயிறு தேய்த்த பள்ளம் விரல் புதையும் அளவுக்கு இருந்தது. அதற்குமேல் சிறு வெட்டுகள், வரிசை வரிசையாக. எண்ணியபோது ஏழு வரிசை. வெற்றியைக் கொண்டாடுகிறவன் முழங்காலுக்குக் கீழே கீறிக்கொண்டிருக்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு குமிழியிடம் சென்றான். அவள் தோணியைக் கரையில் கவிழ்த்து, பலகை இடுக்குகளில் தேங்காய்நார் திணித்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் முடிச்சுகளைப் பற்றி அவன் வினவ, அவள் சொன்னவை சொன்னபடியே எழுதப்படுகின்றன.

“நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க, நாப்பது நல்ல கொணம்னு? முடிசூட்டு அன்னிக்குக் கேட்டேன். தண்ணிக்குள்ள நின்னு சிரிப்ப அடக்குறது எவ்வளவு செரமம் தெரியுமா? எங்க கரையில நாலு கொணம் இருந்தாலே பொண்ணு குடுத்துருவோம். நாப்பதாம்!”

பின் அந்த முடிச்சுகள் எவை என்று கேட்டான்.

“ஆளுங்க, ஓலைக்காரரே. போனவங்க. திரும்பி வராதவங்க.”

இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

“யாரு கேட்டா? ஒவ்வொரு முடிசூட்டுக்கும் உங்காளுங்க வருவாங்க. கயிறு ஆச்சா, நீளம் சரியா, மேல பட்டு சுத்தலாமா. இதத்தான் கேப்பாங்க. பட்டு சுத்துனா முடிச்சு நிக்காதுன்னு எங்கம்மா காலத்துலேருந்து சொல்றோம். அதக்கூட ஒருத்தரும் எழுதி வெச்சுக்கல.”

அவள் கைவேலையை நிறுத்தவில்லை. கவிழ்த்த தோணிக்கு அடியிலிருந்து ஒரு பழைய கயிற்றை எடுத்து அவன் மடியில் போட்டு, முடிச்சைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி சொல்லிவிட்டு, பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். கோரைச் சாத்தன். ஈச்சன். தென்கரை வேளன். வடகரை வேளன். அவன் எழுதிக்கொண்டே வந்தான். பதினேழாம் முடிச்சில் அவள் “காக்கமூக்கன்” என்றாள். நக்கண்ணனின் எழுத்தாணி நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குமுன் அந்த ஏட்டில் காக்கைமூக்கன் என்னும் பெயரைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்திருந்தான். சிரித்ததனாலேயே அந்த ஒரு பெயர் அவனுக்கு மறக்கவில்லை.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் குமிழி. “எழுதுங்க. இன்னும் இருபத்துமூணு பேரு காத்துட்டு இருக்காங்க.”

நாற்பது பெயரும் ஒன்பதாம் ஏட்டில் உள்ளன. குமிழி சொன்னதையும், தறியின் கீறல்களையும், தங்கள் ஏட்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க, இருகரை நாட்டின் தோற்றம் இவ்வாறு தெளிவாகிறது.

அக்காலத்தில் இங்கே நாடு இல்லை. இரண்டு கரைகள் இருந்தன. பொழியை வெட்டும் நாளில் ஆண்டுதோறும் இரு கரையாரும் மண்வெட்டியோடு வந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அவ்வாறிருக்க, நெடுவரை அரசர் ஒருவர் பெருக்கெடுத்த ஆற்றைக் கடந்து பகைவரைத் தாக்க எண்ணினார். மலைநாட்டில் வெள்ளத்தில் படகு செலுத்த வல்லவர் இல்லை. அவர் கரைக்கு இருபதின்மராக நாற்பது படகோட்டிகளைக் கேட்டார். ஒரு மழைக்காலத்துக்குள் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். சொல்லுக்குப் பிணையாகத் தம் இளைய மகன் அவினியனை விட்டுச் சென்றார்.

பிணையாளை எந்தக் கரையில் வைப்பது என்பதிலும் சண்டை வந்தது. முடிவில் எந்தக் கரைக்கும் சேராத பொழியின்மேல் ஒரு தறியை நட்டு, அவன் காலை அதோடு பிணைத்தார்கள். கயிற்றை ஆண்களிடம் நம்பிக் கொடுக்க இரு கரையாரும் இசையவில்லை. கணவரை அனுப்பிய நாற்பது பெண்களின் கையில் அது கொடுக்கப்பட்டது. அவர்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டார்கள். குமிழி அவர்களுள் ஒருத்தியின் வழிவந்தவள்.

மழைக்காலம் முடிந்தது. நாற்பதின்மர் வரவில்லை. அடுத்த மழையும் முடிந்தது. பிணையாளுக்குப் பொழியில் வேறு வேலை இல்லை. தன் காலைச் சுற்றி ஏறி இறங்கும் நீரைப் பார்த்துத் தறியில் கீறிவந்தான். மூன்றாம் ஆண்டில் பொழி வெட்டக் கூடியவர்கள் சண்டை தொடங்குமுன், நீர் இன்னும் இரண்டு நாளில் வடகரை வரப்பைத் தொடும், அதுவரை பொறுத்து வெட்டினால் இருவர்க்கும் கேடில்லை என்று அவன் சொன்னான். அவனுக்கு எந்தக் கரையிலும் உறவில்லை, நிலமில்லை, தோணியில்லை, ஆகவே நம்பினார்கள். அவ்வாண்டு யாரும் வெட்டுப்படவில்லை. ஏழாம் ஆண்டில், இனி இவனைக் கட்டி என்ன பயன் என்று பெண்கள் கயிற்றை அவிழ்க்கப் போனபோது அவன் தடுத்தான். அவிழ்த்தால் எந்தக் கரையில் போய்ப் படுப்பேன் என்று கேட்பீர்கள், படுத்த கரையின் ஆள் என்பீர்கள், வெட்டு நாளிலாவது கட்டியே வையுங்கள் என்றான். அவனைத்தான் இரு கரையாரும் அரசன் என்றார்கள். எங்கள் அரசர்க்கு இன்றும் சொந்த நிலம் கிடையாது என்பதும், முடிசூடியதும் அவர் இடும் முதற்கட்டளை பொழி வெட்டும் நாளைக் குறிப்பதே என்பதும் தூதர் அறிந்தவை.

இவை அவையில் வாசிக்கப்பட்டபோது சலசலப்பு எழுந்தது. சாத்தங்கண்ணர் எழுந்து, “வேந்தே, பிணையாளின் பேரன் என்று நாமே எழுதிக் கொடுத்தால் நெடுவரையில் முரசு கொட்டிச் சிரிப்பார்கள். கதிரவன் மகன் என்றால் யார் போய்க் கதிரவனை விசாரிக்கப் போகிறார்கள்?” என்றார். அவையில் பலர் தலையசைத்தார்கள். அவர் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. நெடுவரை சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டால், செங்கோலை ஒப்படைப்பது ஒன்றே எஞ்சும் என்று பலரும் அஞ்சினர், நக்கண்ணனும் அஞ்சினான். தன் கையெழுத்தாலேயே நாடு போய்விடுமோ என்று மூன்று நாள் அவன் சரியாக உண்ணவில்லை.

வேந்தர் குமிழியை அழைத்துக் கேட்டார். அவள் ஈரச் சேலையோடு வந்து நின்று சொன்னது இது: “நீங்க யாரு வம்சமா இருந்தா எனக்கென்னங்க? உங்க காலக் கட்டுனது நானு. அவுத்துக் கூட்டிட்டுப் போறேன்னு எவனாச்சும் வந்தா, மொதல்ல எங்க ஆளுங்கள இறக்கி விடச் சொல்லுங்க. அப்புறம் அவுக்குறேன். அதுக்குத்தான கட்டுனது?”

பிணை மீட்கப்பட்டதற்குச் சான்று உண்டா என்று வேந்தர் நக்கண்ணனைக் கேட்டார். எங்கள் ஏடுகளில் இல்லை என்று அவன் விடை பகர்ந்தான். தூதரின் ஏட்டிலும் இல்லை என்று மருதங்கிழார் தாமே எழுந்து சொன்னார். அது அவருடைய நேர்மை. அதன்பொருட்டு அவரைத் தண்டிக்காதிருக்க வேண்டுகிறோம். அந்த அவையிலேயே வேந்தர் இவ்விடையை வாய்மொழிந்தார்.

தாங்கள் சொல்வது மெய். அவினியன் தங்கள் குலத்தவர். அதை நாங்கள் மறுக்கவில்லை. கதிரவனிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் பாட்டு இன்றுமுதல் எங்கள் அவையில் பாடப்படாது. ஆனால் தங்கள் குலத்தார் அவரைத் தந்தது பிணையாக. மீட்கும் நாள்வரை அவர் யாருடைய ஆள் என்பதைத் தங்கள் முன்னோரே எழுதியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தின் மறுபாதி தங்கள் கருவூலத்தில் இரண்டாம் ஏட்டில் இருக்க வேண்டும். அதை அனுப்பிவைக்க வேண்டுகிறோம். ஏடு அழிந்திருந்தாலும் கேடில்லை. நாற்பதின்மர் துறை என்று ஓர் ஊர் தங்கள் கோட்டையடியில் இருக்கிறது. அவ்வூரார் கீழே வராதிருக்க ஆற்றின் குறுக்கே ஒரு சங்கிலியும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் திருப்பி அனுப்பப்படவில்லை என்பதற்கு அவையே சான்று.

சங்கிலியை எடுங்கள். நாற்பதின்மர் வழிவந்தோரில் வர விரும்புவோர் வரட்டும். விரும்பாதோர் அதைத் தம் வாயால் சொல்லட்டும். அவர்கள் பொழியில் வந்திறங்கும் நாளில், சேந்தனாரின் முடிசூட்டுக் கயிற்றிலுள்ள நாற்பது முடிச்சையும் குமிழி அவிழ்ப்பாள். அன்றே சேந்தனார் வெறுங்காலோடு புறப்பட்டுத் தங்கள் கோட்டை வாயிலில் வந்து நிற்பார். இது வேந்தர் வாக்கு. அந்நாள்வரை அவர் எங்கள் பிணையாள். பிணையாளை, பிணை வைத்தவர் ஏவ இயலாது. பொழி வழக்கப்படியே திறக்கும், வழக்கப்படியே மூடும்.

இவ்வோலைக் கட்டின்மேல் அரக்கு இல்லை. குமிழி திரித்த கயிறு சுற்றப்பட்டு, நாற்பது முடிச்சு இடப்பட்டிருக்கிறது. இழுத்தால் இறுகும். தங்கள் அரண்மனையில் அதை அவிழ்க்கத் தெரிந்தவர் இரார். நாற்பதின்மர் துறையில் எந்த வீட்டுக் கட்டைவிரலும் அதை அவிழ்க்கும். தூதரின் கூடைகளைக் கட்டிய கைகள் அவை. ஆகவே இவ்வரிகளைத் தாங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஒன்று கயிற்றை வெட்டியிருப்பீர்கள். அல்லது அவர்களில் ஒருவரை அழைத்து அவிழ்க்கச் சொல்லியிருப்பீர்கள். வெட்டியிருந்தால், அதையே தங்கள் விடையாகக் கொண்டு பொழியில் காவல் வைப்போம். அழைத்திருந்தால், அவர் இன்னும் தங்கள் முன்னே நின்றுகொண்டிருப்பார்; ஒன்பதாம் ஏட்டை அவர் கேட்க உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் அவர் தலை நிமிர்கிறார் என்பதைத் தாங்களே காணலாம். கயிறு எவ்வாறாயினும் எங்கள் தூதுவன் அதை மீட்டுக்கொண்டு வருவான்.

தை பிறக்க ஐந்து நாள் இருக்கையில், கண்டல்துறை மன்றத்தில், வேந்தர் திருமுன்பு எழுதி முடிந்தது. எழுதியவன் ஓலைநாயகம் நக்கண்ணன். முடிச்சிட்டவள் தோணிக்காரி குமிழி. இலச்சினை, நீரில் நிற்கும் ஒரு தறி. இவ்வோலையைக் கொண்டு செல்பவனுக்கு வழியில் எவரும் இடையூறு செய்யாதிருக்க.

நாற்பது பெயரும் இவ்வொன்பதாம் ஏட்டில் உள்ளன, இனி எழுத வேறொன்றும் இல்லை. ஓலை முழுமையானது.